வாத்துக் கொட்டாய்ப் பூட்டு

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். மோர்க்காரி அளந்து ஊற்றினால் நான் குனிந்து படியின் அடியைப் பார்ப்பேன். கடையில் மிளகாயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அங்கேயே பிரித்து முகர்ந்துவிட்டுத்தான் நகர்வேன். “உன்னையக் கட்டிக்கிறவன் பாவம். தும்முனாக்கூட எதுக்குத் தும்முனேன்னு உங்கிட்டக் காரணஞ் சொல்லோணும்” என்று என் அம்மா சொல்வாள். கட்டிக்கொண்டவர் தும்மாத மனிதராக வாய்த்தார். கொல்லிமலையில் பள்ளிக்கூட வாத்தியார். நான் சந்தேகப்பட அவரிடம் ஒன்றும் இல்லாததால், என் குணம் வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தது.

அது வெள்ளைக்காரன் காலம். மலைக்கு ரோடு கிடையாது. கல்யாணமான மூன்றாம் மாதம் சேந்தமங்கலத்திலிருந்து புறப்பட்டு, காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கி, மலைமேல் உள்ள வாழவந்தி நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் இரண்டு காலும் என்னுடையதாக இல்லை. டிரங்குப் பெட்டி ஒருவர் தலையில் வந்தது. நாங்கள் குடியேறியது மலைக்காரக் குடும்பம் ஒன்றின் வாசலில். நடுவில் வாசல், எதிரெதிராக இரண்டு வீடு. ஒன்றில் வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவர் மனைவியும். அவர்களுடைய பெண்களெல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். இன்னொன்றில் நாங்கள். அந்த வாசலில் ஆள் என்று பார்த்தால் நாலே பேர்தான். வீட்டுக்கார அம்மாளுக்கு என்னைவிட இருபது வயது கூடுதலாக இருக்கும். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை அம்மணி என்பாள்.

அடுத்த வருஷம் வாத்து வந்தது. காபித் தோட்டத்துத் துரை ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, அவருடைய சமையல்காரர் ஒரு கூடையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவைத்து, “பாம்பு அண்டாதுங்க, வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருந்தது சாதாரண வாத்து அல்ல. அதைப்போல இரண்டு பங்கு பெரிய, வெள்ளைவெளேரென்ற சீமைப் பெருவாத்து. கழுத்தை நிமிர்த்தி, நெஞ்சை முன்னே தள்ளி, ஊரையே விலைக்கு வாங்க வந்ததைப்போல நடந்தது. வாசல் ஓரத்தில் புல் வேய்ந்து, கதவு வைத்து, அதற்கு ஒரு சின்னக் கொட்டாய் போட்டோம். வாத்தை நான் துரை என்று கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். “இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுராதே. எம்பட வேலை போயிரும்” என்றார். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் வாத்தியாரூட்டு வாத்து. அதைச் சொல்லிச் சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அதன்மேல் எனக்கு உயிர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அவர் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம்தான் வருவார். மலையில் எனக்கு உறவு இல்லை, பேச்சுத் துணை இல்லை. மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்வீடுகூடத் தெரியாது. நான் சுனைக்குத் தண்ணீருக்குப் போனால் அது என் பின்னாலேயே தத்தித் தத்தி வரும். குடத்தை இறக்கினால் அதுவும் நிற்கும். புதிதாக யார் வாசலில் கால் வைத்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி, மலை அதிரக் கத்தும். சந்தேகப்படுகிற விஷயத்தில் அது எனக்கு ஒரு படி மேலே. அதனாலும் எனக்கு அதைப் பிடித்திருக்கலாம்.

அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய பாறையில்தான் அக்கா சாமையை உலர்த்துவாள். துரை பாறையேறி மேய்ந்துவிடும். அந்த ஐப்பசியில் அடைமழை பெய்து, வெயில் எட்டிப்பார்க்கவே இல்லை. கொட்டாய்த் தரை ஈரத்துக்கு நான் தினமும் ஒரு பிடி வைக்கோல் போட்டுவந்தேன். ஒருநாள் வெயில் வந்ததும் அவள் அவசரமாகச் சாமையைப் பரப்பிவிட்டு உள்ளே போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் துரை நட்டநடுவில் நின்று தின்றுகொண்டிருக்கிறது. தின்ற இடத்திலேயே கழிந்தும் வைத்திருக்கிறது. அவள் விளக்குமாற்றை வீசினாள். அது பதிலுக்கு இறக்கையை விரித்து அவளைப் பார்த்துக் கத்தியது.

“கத்து, கத்து! உன் தொண்டை அடைச்சுப் போகோணும்!” என்றாள்.

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் துரைக்குக் குரல் போய்விட்டது.

முதலில் கரகரத்தது. அப்புறம் கத்த வாயைத் திறந்தால் கீச்சென்று ஒரு மூச்சு மட்டும் வந்தது. நடக்கும்போது நின்று நின்று இளைத்தது. வாயை மூடவே இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஏறி இறங்கியது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே கரகரவென்று ஏதோ உரசியது. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு என் உள்ளங்கையில் குத்தியது. அத்தனை கறி எப்போது கரைந்தது என்றே தெரியவில்லை. இது பிழைக்காது என்ற பயத்தில் அழுதேன். அழுதுகொண்டே எதிர்வீட்டைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலம் இறங்கி மாட்டு வைத்தியர் ஒருவரைக் கேட்டுவிட்டு வந்தார். வைத்தியர், “வாத்துக்குச் சளியா? குழம்பு வையுங்க, சளி போயிரும்” என்றாராம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று அவருக்கு நான் சோறு போட்ட வேகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

நானே வைத்தியம் தொடங்கினேன். மிளகை வறுத்துப் பொடித்து மலைத்தேனில் குழைத்து, இறகின் நுனியில் தொட்டுத் தொண்டையில் தடவினேன். துளசியும் தூதுவளையும் இடித்த சாற்றைச் சங்கில் ஊற்றிப் புகட்டினேன். மடியில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் அலகைத் திறந்து, வலது கையால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். அது என் மணிக்கட்டைக் கவ்வும். வாத்துக்குப் பல் இல்லை என்று நினைக்கிறவர்கள் அதன் அலகின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. கையெல்லாம் கன்றிப்போனது. கேழ்வரகுக் களியைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, தண்ணீரில் நனைத்து ஊட்டினேன். ஒருநாளைக்கு மூன்று உருண்டை இறங்கினால் எனக்கு அன்று பண்டிகை. காலையும் மாலையும் சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டுக் கொட்டாய்க்குள் புகை காட்டினேன்.

எல்லாவற்றையும்விடக் குளிர்தான் பகை என்று எனக்குத் தோன்றியது. பின்பக்கத்தில் போன வருஷத்துச் சாமை வைக்கோல் ஒரு சின்னப் போராகக் கிடந்தது. மேலாக இருந்தது முரடாகக் கிழித்தது. கையை உள்ளே விட்டு இழுத்தால் மெத்தென்றும் கதகதப்பாகவும் வந்தது. மழை தொடங்கியதிலிருந்து பிடி பிடியாகப் போட்டுவந்த அதை, இப்போது தினமும் சாயங்காலம் கைநிறைய இழுத்துவந்து, கொட்டாய்க்குள் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, நடுவில் குழி செய்து, துரையை உட்காரவைத்துச் சுற்றிலும் அணைத்துவிடுவேன். பரப்பும்போது தூசு கிளம்பும். எனக்கும் தும்மலும் இருமலும் வந்தன. வாத்துச் சளி எனக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்து, நானும் அந்தத் தேனில் கொஞ்சம் நக்கிக்கொண்டேன்.

ஒருநாள் நான் வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க அம்மணி, அது பூத்துப் போன வைக்கலுங்க. எரிக்கத்தான் போட்டு வச்சிருக்குது. மாட்டுக்கே போடறதில்லைங்க, போட்டா இழுப்பு வந்துரும். அதுபாட்டுக்கு வெறுந்தரையில கெடக்கட்டுமுங்க” என்றாள்.

நான் போரைப் பார்த்தேன். மேலாக அந்தச் சாயங்கால மங்கலிலும் பொன்போல இருந்தது. பூஞ்சை பூத்த அடையாளம் ஒரு இழையில்கூட இல்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தொண்டை அடைக்கச் சொன்ன வாய், இப்போது இந்தக் குளிரில் வெறுந்தரையில் போடச் சொல்கிறது. இழுப்பு எதனால் வரும் என்பதுகூட இவளுக்குத் தெரிந்திருக்கிறதே, எப்படி?

“பாத்துக்கறனுங்க அக்கா” என்றேன். அன்று இரண்டு மடங்கு வைக்கோல் போட்டேன்.

அதற்குப் பிறகு கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். அவள் வாசலில் தண்ணீர் தெளித்தால் கொட்டாய்ப் பக்கம் எத்தனை துளி விழுகிறது என்று பார்த்தேன். துரையின் தண்ணீர்ச் சட்டியை ஒருநாளைக்கு நாலு தடவை மாற்றினேன். எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். அவள் ஒரு தட்டில் அவித்த அவரை கொண்டுவந்து கொடுத்தபோது, சிரித்த முகத்தோடு வாங்கி, அவள் திரும்பியதும் குப்பையில் கொட்டினேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், “அந்தம்மா அப்படிப்பட்ட ஆளு இல்லை” என்றார். வாத்தியார்களுக்கு எல்லாரும் நல்லவர்கள்தான். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

ஆள் சொல்லாவிட்டால் சாமி சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு விஷயம் தெளியவில்லை என்றால் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். மனதுக்குள் கேள்வியை நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. கேள்வியைப் பூசாரிக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் புறப்பட்டேன். ஊர்க் கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அக்கா எதிரே வந்தாள். தலை ஈரம் காயவில்லை. கொண்டையில் ஒரு சிவப்பு அரளி செருகியிருந்தாள். முகம் கழுவிவிட்டதைப்போலத் தெளிவாக இருந்தது. “கோயிலுக்குங்களா அம்மணி? போயிட்டு வாங்க” என்று ஒதுங்கி வழிவிட்டாள். எனக்கு முன்னாலேயே போய் அம்மனைக் கைக்குள் போட்டுக்கொண்டு வருகிறாள் என்று என் மனசு சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

சாமி முன்னால் நின்றபோது அவள் பெயரைச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேறு விதமாகக் கேட்டேன். ‘தாயே, என் துரைக்கு வந்த சீக்கு, எங்கள் வாசலுக்குள் இருக்கிற ஒரு கையால் வந்ததுதானா?’ குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை. பனியில் நனைந்து பளிச்சென்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில். அக்காவின் புருஷன் பகலெல்லாம் காட்டில். மிச்சம் யார்?

மறுநாள் சுனையிலிருந்து திரும்பியபோது கொட்டாய்க்குள் பாதி வைக்கோல் இல்லை. துரை வெளியே, வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் போட்ட வைக்கோல் பின்பக்கக் குப்பைக் குழியில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் துரை நாலு உருண்டை களி அதிகமாகத் தின்றது. வாலாட்டம்கூடக் கொஞ்சம் குறைந்தது. என் மிளகும் தேனும் வேலை செய்கின்றன, இது தெரிந்துதான் அவளுக்குப் பொறுக்கவில்லை என்று கொதித்தேன்.

மூன்றாம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப்போலக் கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டேன். அக்கா கொட்டாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக் குனிந்திருந்தாள்.

“என்னுங்க அக்கா பண்ணறீங்க?”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கையில் வைக்கோல். “ஒண்ணுமில்லீங்க அம்மணி. இந்த வைக்கலு...”

“இனிமே என் கொட்டாயில உங்க கை படக் கூடாதுங்க. வாசலுக்குள்ள இருக்கிற கைதான்னு அம்மனே எனக்கு வெள்ளைப் பூக் குடுத்துச் சொல்லீருச்சு. எங்கிட்ட மறைக்காதீங்க.”

என் குரல் நானே கேட்டிராத உயரத்தில் இருந்தது. அவள் என்னிடம் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். நான் அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டாள். முகம் மட்டும் சுண்டிப்போனது.

“சாமி சொன்னாச் சரிங்க அம்மணி” என்றாள். வாசலைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நான் டிரங்குப் பெட்டியின் பூட்டைக் கழற்றிக் கொட்டாய்க் கதவில் மாட்டினேன். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன். அவள் கை பட்ட வைக்கோலையெல்லாம் வாரி எறிந்துவிட்டு, போருக்குள் தோள்வரை கையை விட்டுப் புதிதாக இழுத்து, இதுவரை போடாத அளவுக்குக் கனமாகப் போட்டேன். துரையின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அடுத்த நாலு நாளை நினைக்க எனக்கு இப்போதும் பிடிக்காது. அவள் கை படவில்லை. பூட்டு அப்படியே இருந்தது. தண்ணீர் நான் வைத்தது, களி நான் ஊட்டியது, மருந்து நான் புகட்டியது. ஆனாலும் துரை நாளுக்கு நாள் கீழே போயிற்று. களி தொண்டையைத் தாண்டவில்லை. கண்ணைச் சுற்றி நீலம் பாய்ந்தது. கழுத்தை நேராக நீட்டி, வாயைப் பிளந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதைப்போல இழுத்தது. நாலாம் நாள் மடியில் தூக்கியபோது என்னைக் கடிக்கவில்லை. அது என் கையைக் கடித்துத் தொலையட்டும் என்று கெஞ்சினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பூட்டைத் தாண்டி எப்படிச் செய்கிறாள் என்றுதான் அப்போதும் யோசித்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் பனி விலகி நல்ல வெயில் அடித்தது. வைக்கோல் மாற்றலாம் என்று போரிடம் போனேன். இத்தனை நாளும் சாயங்கால மங்கலில்தான் அங்கே போயிருக்கிறேன். அன்றுதான் வெயில் சாய்வாக விழுந்து, நான் கையை விட்டு விட்டுப் போரில் ஏற்பட்டிருந்த பொந்துக்குள் வெளிச்சம் போட்டது. உள்ளே வைக்கோலின் நிறமே இல்லை. பஞ்சு அடைத்ததைப்போல வெள்ளை. நான் எதையும் நினைக்காமல் பழக்கத்தில் கையை விட்டு ஒரு பிடியை இழுத்தேன். புகைபோல ஒரு தூசு கிளம்பி என் முகத்தில் அடித்தது. இருமினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினேன். மூச்சு நிதானப்பட்டதும் கையைப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அது பூத்துப் போன வைக்கலுங்க அம்மணி.

அக்கா சொன்ன உண்மையை நான் பொய்யென்று எடுத்துக்கொண்டேன். அம்மன் கொடுத்தது வெள்ளைப் பூ. வாசலுக்குள் இருக்கிற கைதானா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். எல்லார் கையையும் எண்ணினேன். என் கையை எண்ணவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றியது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் எழுந்து ஓடினேன்.

பூட்டைத் திறந்து துரையைத் தூக்கிவந்து பாறையில், வெயில் ஏறிய இடத்தில், பழைய புடவையை விரித்துப் படுக்கவைத்தேன். கொட்டாயை ஒட்டக் காலி செய்து, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரால் கழுவி, தரையில் அடுப்புச் சாம்பலைத் தூவினேன். போருக்கு என் கையாலேயே நெருப்பு வைத்தேன். புகை போடுவதை நிறுத்தினேன். இருமுகிற உயிருக்கு நான் காலையும் மாலையும் புகை போட்டிருக்கிறேன்! பகலில் பாறை, வெயில் சாய்ந்ததும் வெறுந்தரையில் ஒரு சாக்கு. அவ்வளவுதான். மூன்று நாள் ஒரு மாற்றமும் இல்லை. நாலாம் நாள் களியைக் கொண்டுபோனபோது என் சுண்டுவிரலைச் சேர்த்துக் கடித்தது. நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாளில் வாய் மூடியது. மார்கழி முடிவதற்குள் சுனைக்கு என் பின்னால் பாதி தூரம் வந்தது. குரல் மட்டும் வரவில்லை. யாராவது வந்தால் பழையபடி கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடும், வாயைத் திறக்கும், வெறும் காற்று வரும். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

இத்தனை நாளும் நான் அக்காவிடம் போகவில்லை. போக வேண்டும் என்று காலையில் நினைப்பேன். அவள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் எனக்கு அடுப்பில் வேலை வந்துவிடும். அவளும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். சுனைக்கு நான் போகாத நேரம் பார்த்துப் போனாள். கொட்டாய்ப் பக்கம் அவள் கால்கூடப் படவில்லை. வாசலின் அந்த ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

கடைசியில் அவளிடம் போனது துரைதான். ஒருநாள் முற்பகலில் அவள் பாறையில் சாமையைப் பரப்பிவிட்டு, ஒரு முறத்தை வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். துரை நேராக ஏறிப்போய் அவள் முன்னால் நின்று, இறக்கையை விரித்து, வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவள் விளக்குமாற்றை எடுக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தூக்கிவரப் பின்னாலேயே போன நான் மாட்டிக்கொண்டேன்.

“சத்தம் வரலீங்களா அம்மணி?” என்றாள். நாற்பது நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

“வரலீங்க அக்கா. உசுரு இருக்குது, அது போதுமுங்க.” பாறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். “அந்த வைக்கலு உள்ள பூத்துத்தான் இருந்துதுங்க. நீங்க அப்பவே சொன்னீங்க.”

அவள் தலையை ஆட்டினாள். சாமையைக் கையால் அளைந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். “தொண்டை அடைச்சுப் போகோணும்னு அன்னிக்கு நாஞ் சொன்னனுங்க. கோவத்துல வந்துருச்சு. மூணா நாளு அதுக்குக் கொரலு போனதும் எனக்குச் சோறு எறங்கலீங்க. எஞ்சொல்லுப் பட்டுத்தான் இப்படி ஆச்சோன்னு பயந்துட்டுக் கோயில்ல போயிப் பூக் கேட்டனுங்க. செகப்பு வந்துது. உன்னால இல்லைன்னு அம்மன் சொல்லீருச்சு. அதுக்கப்பறந்தான் அதுகிட்டப் போறதுக்கே எனக்குத் தைரியம் வந்துது. இல்லாட்டி எங்கை பட்டு இன்னும் கெட்டுப் போகுமோன்னு இருந்தனுங்க.”

கோயில் பாதையும் ஈரத்தலையும் கொண்டையில் இருந்த சிவப்பு அரளியும் என் கண் முன்னால் வந்தன. குற்றமில்லை என்று சாமி கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்திருக்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். நான் கேட்ட அதே சாமியிடம், எனக்குச் சற்று முன்னால், அவளும் கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது தன்னைப் பற்றி.

“நீங்க என்னன்னு கேட்டீங்க அம்மணி?” என்றாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நம்ம வாசலுக்குள்ள இருக்கிற கைதானான்னு கேட்டனுங்க. வெள்ளை வந்துது.”

 அவள் இடது கையை விரித்து, எண்ணத் தொடங்கினாள். “எங்கூட்டுக்காரரு...” சுண்டுவிரலை மடக்கினாள். “நானு...” அடுத்த விரலை மடக்கினாள். “வாத்தியாரு...” மூன்றாவதையும் மடக்கினாள். நாலாவது விரலைத் தொட்டவள் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிரித்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, “காத்து அடிக்குதுங்க, சாமை பறக்குது” என்று முறத்தை எடுத்தாள். காற்றே இல்லை.

“நாலாவது நானுங்க அக்கா” என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

அவள் புடைத்துக்கொண்டே இருந்தாள். துரை முறத்தின் ஓரத்தில் சிதறிய சாமையைப் பொறுக்கத் தொடங்கியது. அவள் விரட்டாமல் ஒரு கைப்பிடியை அள்ளி அதன் பக்கம் தள்ளினாள்.

“அது தெரியுங்க அம்மணி” என்றாள். “கொட்டாயில அந்தப் பூட்டு இன்னும் தொங்குது பாருங்க. மொதல்ல அதைப் போயிக் கழட்டுங்க.”

திரும்பிப் பார்த்தேன். துரை பகலில் வெளியே இருக்கத் தொடங்கி ஒரு மாதமாகிறது. உள்ளே ஒரு பழைய சாக்கைத் தவிர ஒன்றும் இல்லை. பூட்டு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி என் கழுத்தில் இருந்தது.